காலண்டர் சாமியின் கண்கள்

வருஷம் முடிஞ்சும் தூக்கிப்போட மனசு வராம, வெட்டி ஃப்ரேம் போட்ட காலண்டர் சாமி படம் உங்க வீட்டுல இருக்கா? தென் தமிழ்நாடுன்னா அதோட மூலையில கொண்டையராஜு பேர் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

1898-ல பிறந்தவர். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சார். துறவு மனசோட திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போனார். கம்பெனி கோவில்பட்டியில கலைஞ்சது, அவரும் அங்கேயே தங்கிட்டார். பக்கத்துலதான் சிவகாசி. அவர் வரைஞ்ச சாமிகள் அங்க அச்சாகி, கடை விளம்பரத்தோட வீடு வீடாப் போச்சு.

"ஆர்டருக்கு வரைஞ்சது எப்படி பக்தி ஆகும்?"னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா படத்தைக் கொஞ்சம் பாருங்க. ரவிவர்மா படத்துல தமயந்தி அன்னத்தைப் பார்க்கிறாள். நாம ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கிறோம். கொண்டையராஜுவோட முருகன் நேரா நம்மளைப் பார்க்கிறார். கும்பிட ஒருத்தர் எதிர்ல நிப்பார்னு நம்பி வரைஞ்ச முகம் அது. கூலி வாங்கினதால அந்த நம்பிக்கை குறைஞ்சதா எனக்குத் தெரியல.

இப்ப ஏன் இந்தப் பேச்சுன்னா, நானும் டேப்லெட்ல ஒரு முருகன் வரைஞ்சுட்டு இருக்கேன். ஆச்சிக்கு முழங்கால் போச்சு, பூஜை ரூம் வரை நடக்க முடியல. கட்டிலுக்கு எதிர்ல மாட்ட ஒரு படம் கேட்டாங்க. ப்ராம்ப்ட் போட்டா பத்து செகண்ட்ல வந்துடும், தெரியும். பகல் முழுக்க எதையாவது வேகமாக்குறதுதான் என் வேலையே. ஆனா மூணு வாரமா ராத்திரி ஒரு மணி நேரம் அந்த முகத்துக்கு எதிர்ல உட்கார்றேன். அந்த நேரத்துல ஸ்லாக் பார்க்கத் தோணல. (என் டீம் லீட் இதைக் கேக்க மாட்டார்னு நம்பறேன்.)

வேல், மயில், மாலை எல்லாம் முடிஞ்சது. கண் மட்டும் பாக்கி. சிலைக்குக் கடைசியிலதான் கண் திறப்பாங்க இல்லையா, அதே மாதிரி வச்சிருக்கேன். அண்டூ பட்டன் இருந்தும் கை நடுங்குது.

லேமினேட் பண்ணித் தரட்டுமான்னு ஆச்சிகிட்ட கேட்டேன். "வேண்டாம்யா, கண்ணாடி போட்டுக் குடு. குங்குமம் வைக்கணும்"னாங்க. சனிக்கிழமை கண் வரையறேன்.