சினையும் கன்றும்



இச்சிராங்கூன் வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்த இடம். எருமையைக் குறிக்கும் ‘கெர்பாவ்’ என்னும் மலாய்ச்சொல் இன்றும் இங்கே தெருப்பெயராக நிற்கின்றது. பெலிலியோஸ் சாலையோ, கால்நடை வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழரும் யூதரும் மாட்டை நம்பி வாழ்ந்த இவ்விடத்தில், வயிற்றிலுள்ள கன்றை இருவர் மரபும் எவ்வாறு கருதின என்று காண்போம்.

நன்னூல் பெயர்ச்சொல்லை ஆறாகப் பகுக்கின்றது. அவற்றுள் ஒன்று சினைப்பெயர். பசு முதல், அதன் கொம்பும் காலும் சினை. அதே சொல் வயிற்றுக் கருவையும் குறிக்கும்; ஆதலின் ‘சினைப்பசு’ என்கிறோம். வகுப்பறையில் முதற்பொருளைக் கற்பிக்கும் நாம், இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறோம்.

இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட வினாவையே யூத அறிஞர் வழக்காடினர். கரு என்பது தாயின் தொடைபோல் ஓர் உறுப்பா, அன்றித் தனியுயிரா? ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், அதற்கு விரிவுரையாய் எழுந்த தல்மூதும், ‘ஹுல்லின்’ என்னும் பகுதியில் இதனை ஆராய்கின்றன. முறைப்படி அறுக்கப்பட்ட விலங்கையே உண்ணலாம் என்பது அவர்தம் சட்டம். ஈன முடியாமல் வருந்தும் பசுவின் கன்று முன்னங்காலை வெளியே நீட்டி உள்ளிழுத்துக்கொண்டால், அது பிறந்ததாகாது. பின்னர்த் தாயை அறுத்தால் அவ்வறுப்பே கன்றுக்கும் போதும். வெளிவந்த கால் மட்டும் விலக்கப்படும். தலை வெளிவந்துவிட்டாலோ, மீண்டும் உள்ளே சென்றாலும் அது பிறந்ததே.

தூய்மைச் சட்டமும் இவ்வழியே செல்கின்றது. செத்த விலங்கைத் தொட்டவன் தீட்டுடையவன். ஆயினும், கரு வயிற்றிலேயே இறந்துபோக, இடையன் கையை உள்ளே விட்டு அதனைத் தொட்டால் அவனுக்குத் தீட்டில்லை என்கிறது மிஷ்னா. ஈற்றுக்குத் துணைநிற்பவன் தீட்டுக்கு அஞ்சிக் கையை மடக்க வேண்டியதில்லை.

அறுத்த பசுவின் வயிற்றில் நிறைமாதக் கன்று உயிரோடு இருந்தால்? அதனைத் தனியே அறுக்கவேண்டும் என்றார் ரபி மேயிர். தாயை அறுத்ததே போதும் என்றனர் ஏனைய அறிஞர். அக்கன்று ஐந்தாண்டு வளர்ந்து ஏர் உழுதாலும் அவ்விதியே பொருந்தும் என்றார் ரபி ஷிமோன் ஷெசூரி. ஆனால், அது மண்ணில் கால் ஊன்றிவிட்டால் அறுத்தே உண்ணவேண்டும் என்று தல்மூது வரம்பு கட்டியது. கண்டோர் பிழைபட உணர்வர் என்பதே காரணம். தருக்கம் அதனைத் தாயின் உறுப்பு என்றது. ஊரார் கண்ணோ அதனைக் கன்று என்றது. இறுதியில் சட்டம் கண்ணுக்கும் இடங்கொடுத்தது.

உயிரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன்பாற் கடமையும் அமைகின்றது. பிறநாட்டார் நெடிது வழக்காடிய இரு கருத்தையும் தமிழ் ‘சினை’ என்னும் ஒரு சொல்லில் வைத்திருக்கின்றது. சிராங்கூனில் தொழுவங்கள் மறைந்துவிட்டன. சினைப்பசுவைக் காணாத தலைமுறை இங்கே வளர்கின்றது. அச்சொல்லின் இரு பொருளையும் சேர்த்தே அவர்களுக்குக் கற்பிப்போம்.