தேரில்லாத தெருவின் தேர்விழா

யப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் கியோன் விழா நடைபெறுகிறது. கியோன் என்னும் பெயர் புத்தர் பெருமான் தங்கியிருந்த ஜேதவனத்தைக் குறிப்பது. அநுராதபுரத்து ஜேதவனாராமத்தை அறிந்த எமக்கு அது அந்நியமான பெயரன்று.

869ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, மாகாணங்களைக் குறிக்கும் 66 ஈட்டிகளை நாட்டி நோய் நீங்க வேண்டினர் என்பது வரலாறு. அந்த வேண்டுதலே நாளடைவில் தேர்விழாவாக வளர்ந்தது. இன்று யூலை 17இல் 23 தேர்களும் 24இல் 11 தேர்களும் உலா வருகின்றன. தேரின் சட்டங்களை ஆணி அறையாது கயிற்றாலேயே பிணைக்கிறார்கள். பெருந்தேர்களின் சில்லுகள் திரும்பமாட்டா. எனவே சந்தியில் மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, நீரூற்றி, சறுக்கித் திருப்புகிறார்கள்.

இத்தேர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவாருக்கு உரியவை. விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1467இல் மூண்ட ஓனின் போரினால் நின்றுபோன தேருலா 1500இல் மீண்டும் தொடங்கியது. 1864இல் மூண்ட பெருந்தீயிலே, கப்பல் வடிவிலான ஓஃபுனே தேர் எரிந்தது. எரியாது தப்பிய திருவுருவையும் அணிகளையும் அத்தெருவார் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். விழாக்காலத்தில் அவற்றை எடுத்துவைத்து வழிபட்டனர். 150 ஆண்டுகளின் பின், 2014இல் புதிய தேர் வீதிக்கு வந்தது.

இதற்கு மாறான கதையொன்று வடக்கே இவத்தே மாநிலத்தில் உண்டு. அங்கு கொகுசெகிஜி என்னும் பௌத்த ஆலயத்திலே, கடுங்குளிரில் ஆடவர் கோவணத்துடன் காப்புப் பையொன்றுக்காக முட்டிமோதும் சோமின் விழா நடந்து வந்தது. அதுவும் நோய் விலக வேண்டும் விழாவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனச் சொல்லப்படும் அவ்விழா 2024 பெப்ரவரி 17ஆம் திகதியுடன் முடிவுற்றது. போருமில்லை, தீயுமில்லை. நடத்தி வந்த குடும்பத்தினர் முதுமையடைந்தனர். பொறுப்பேற்க இளையோர் இல்லை.

கியோட்டோவிலும் தெருவார் மட்டும் போதுவதில்லை. தேரிழுக்க மாணவரையும் வெளித்தொண்டரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மரபைக் குலைக்கும் செயல் என்று சிலர் இதனைக் கருதலாம். எனக்கோ மரபைக் காக்கும் வழி இதுவே என்று தோன்றுகிறது. எரிந்த தேரை மீண்டும் செய்துகொள்ளலாம்; ஏற்று நடத்த ஆளில்லாத விழாவை எவரால் மீட்க முடியும்?