இல்லத்திலே பிள்ளை காத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலே சிறு பிள்ளைகளுக்கு நேரும் விபத்துக்களைத் தடுக்கும் வகையைப் புதிதாகத் தாயானவர்களுக்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "இது மாதர் சங்கத்திலே பேசவேண்டிய விஷயமல்லவா?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. வாலிபர் சங்கத்திலேதான் இதனை முதலிற் பேசவேண்டும். அதற்குரிய காரணத்தை இறுதியிலே சொல்லுகின்றேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கிருமியே காரணம் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கின்றோம். ஆகவே தடுப்பூசி போடுவிக்கின்றோம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கின்றோம். ஆனால் அதே பிள்ளை கிணற்றிலே விழுந்தால், கொதிநீரிலே வெந்தால், "விதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகின்றோம்; அல்லது "தாய் கவனிக்கவில்லை" என்று அவள்மீது பழி சுமத்துகின்றோம். இவ்விரண்டும் அடுத்த பிள்ளையைக் காக்க உதவமாட்டா.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் சேர்ந்து 2008ஆம் ஆண்டிலே சிறுவர் விபத்துக்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. தற்செயலான விபத்துக்களால் உலகிலே நாளொன்றுக்கு 2000க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறக்கின்றனர் என்றும், அறிந்த தடுப்பு முறைகளை எங்கும் கைக்கொண்டால் அவர்களில் 1000 பேரையாவது நாள்தோறும் காப்பாற்றலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. ஒரு சுவரும் ஒரு மூடியும் தடுக்கக்கூடியதை விதி என்று சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்? இலங்கை 1991ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரையும், விபத்துத் தடுப்புப் பற்றிய அறிவைப் பெற்றோர்க்கு ஊட்டுவது அரசின் கடமை என்று விதித்திருக்கின்றது. ஆதலால் இஃது ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் தயவன்று, பிள்ளையின் உரிமையாகும்.

இனி, நம் வீடுகளுக்குள்ளே சென்று பார்ப்போம்.

முதலாவது கிணறு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நம் குடாநாட்டிலே சுண்ணக்கல்லின் அடியிலே தங்கும் மழைநீரே நமக்கு உயிர். வளவுதோறும் கிணறு வைத்திருப்பதை நாம் பெருமையாகப் பேசுகின்றோம். ஆனால் கட்டில்லாத கிணறுகளும், கட்டு இடிந்த கிணறுகளும், தோட்டக் கிணறுகளும், ஆளற்ற வளவுகளிலே பற்றை மூடிக் கிடக்கும் கிணறுகளும் எத்தனை! நடை பழகிய பிள்ளைக்குக் கிணற்றின் ஆழம் தெரியாது. தண்ணீரிலே தெரியும் தன் முகமே தெரியும். கிணற்றுக்கு மாத்திரம் அஞ்சினாற் போதாது. சிறு பிள்ளையின் தலை, உடலின் ஏனைய பாகத்தை நோக்கப் பாரமானது. வாளிக்குள்ளே எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் தானாக எழும்ப மாட்டாது. இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். சத்தமும் கேளாது. ஆகவே குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்; தொட்டிக்கு மூடி வேண்டும்.

இரண்டாவது குசினி. கஞ்சி வடிக்கும் பானை, இறக்கிவைத்த குழம்புச் சட்டி, விளிம்பிலே வைத்த தேநீர்க் கோப்பை என்பன தவழும் பிள்ளைக்குப் பெரும் பகையாவன. மேசை விரிப்பைப் பற்றி இழுத்தால் மேலேயுள்ள சுடுநீர் முழுவதும் பிள்ளையின் தலையிலே கொட்டும். நிலத்திலே அடுப்பு மூட்டும் வீடுகளிலே குசினி வாசலுக்கு அரைக் கதவு ஒன்று போடுதல் மிகவும் நன்று. பொங்கலுக்கு முற்றத்திலே அடுப்பு மூட்டும்போதும் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க ஒருவர் தனியே நிற்கவேண்டும்.

மூன்றாவது மண்ணெண்ணெய். இலங்கையிலே நஞ்சருந்திய சிறு பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த மருத்துவர்கள் மண்ணெண்ணெயே முதன்மையான காரணம் என்று நெடுங்காலமாக எழுதி வந்திருக்கின்றார்கள். சோடாப் போத்தலிலே மண்ணெண்ணெய் இருந்தால் தாகமெடுத்த பிள்ளை அதைச் சோடா என்றே குடிக்கும். 1990களிலே மின்சாரமின்றி நாம் வாழ்ந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே படித்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். கவிழ்ந்த குப்பி விளக்கினால் வெந்தவர்கள் நாடு முழுவதும் எண்ணிறந்தோர். இத்துயரத்தைக் கண்ட சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர என்பவர், 1992ஆம் ஆண்டு தொடக்கம், குட்டையும் பாரமுமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கு ஒன்றைச் செய்வித்துப் பரப்பினார். மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டிற்று. அவ்விளக்குக் கவிழ்வது அரிது. கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஆயிரம் புத்திமதிகள் செய்யமாட்டாததை ஒரு நல்ல போத்தல் செய்தது என்பதை நாம் மறத்தலாகாது. விளக்கெரிக்கும் காலம் போய்விட்டது என்றும் எண்ணவேண்டாம். 2022ஆம் ஆண்டிலே மின்வெட்டும் எரிவாயுத் தட்டுப்பாடும் வந்தபோது பல வீடுகள் மீண்டும் விறகையும் மண்ணெண்ணெயையும் நாடவில்லையா?

நான்காவது வளவும் தோட்டமும். மஞ்சள் அலரிப் பூவைச் சுவாமிக்குச் சாத்துகின்றோம். அதன் விதையோ இதயத் துடிப்பைக் குலைக்கும் கொடிய நஞ்சு. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 1980களிலேயே இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். வேலியிலே நிற்கும் காட்டாமணக்கின் விதையும் உண்ணத்தக்கதன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கட்டிலின் கீழும் குசினித் தட்டிலும் வைப்போர் உண்டு. அதற்குரிய இடம் பூட்டுள்ள பெட்டி ஒன்றே.

ஐந்தாவது விறாந்தையும் அறையும். கோயில் திருவிழாவிலே வாங்கிய கச்சானை, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையிலே கொடுக்கலாகாது. அது மூச்சுக்குழாயிலே இறங்கிவிடும். புளியங்கொட்டை, நாணயம், மணி என்பனவும் அத்தகையனவே. விளையாட்டுப் பொருள்களிலுள்ள பொத்தான் போன்ற சிறு பற்றரி தொண்டையிலே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உட்சதையை அரித்துவிடும். பிள்ளையை உள்ளே இருத்தி உருளவிடும் 'வோக்கர்' வண்டியை 2004ஆம் ஆண்டிலேயே கனடா தடைசெய்துவிட்டது. அங்கிருந்து வரும் உறவினர் இங்கே கடையில் அதனை வாங்கிப் பரிசளிப்பது விந்தையே! நம் முன்னோரின் நடைவண்டி, பிள்ளை பின்னே நின்று தள்ளுவது. அது வேறு, இது வேறு.

விபத்து நேர்ந்துவிட்டால் என் செய்வது? சுட்ட இடத்திலே ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பற்பசையும் நெய்யும் பூசாதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குட் செல்வதே பெரிய ஆபத்து. அலரி விதை தின்ற பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் அச்சேவை நடைபெறுகின்றது.

இவற்றையெல்லாம் தாய்க்குச் சொல்லுவது யார்? எப்பொழுது? முன்னாளிலே தலைப்பிள்ளை தாய்வீட்டிலே பிறந்தது. முப்பத்தொன்று கழியும்வரை அம்மம்மா பக்கத்திலிருந்து பத்தியமும் கொடுத்தாள். பிள்ளை வளர்க்கும் வகையும் சொல்லிக்கொடுத்தாள். இன்று அம்மம்மா ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கின்றாள்; பேரப்பிள்ளையைத் தொலைபேசித் திரையிலே பார்க்கின்றாள். அந்த இடத்தை நிரப்புபவர் குடும்ப சுகாதார மருத்துவமாது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழியே, வீட்டுப்படலை திறந்து வந்து தாயையும் சேயையும் பார்க்கும் ஒருவர் இன்று கிராமந்தோறும் இருக்கின்றார். இது பல பெரிய நாடுகளுக்கும் வாய்க்காத பாக்கியம். எனினும் ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பதே நியமம். நிறையும் பார்த்து, ஊசிக்கும் நாள் குறித்து, பாலூட்டலும் விளக்கியபின், கிணற்றுக் கட்டைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் ஏது?

இங்கேதான் கைத்தொலைபேசி துணைக்கு வருகின்றது. நடு இரவிலே பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயின் கையிலே அது இருக்கின்றது. ஒரு கிராமத்து இளந்தாய்மாரை வாட்ஸ்அப் குழுவாகச் சேர்த்து, வாரத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால் என்ன? ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, பிள்ளையின் பருவத்துக்கு முன்னே செய்தி செல்லவேண்டும். தவழத் தொடங்கியபின் தவழ்வதைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. மூன்றாம் மாதத்திலே கட்டிலிலிருந்து புரண்டு விழுதலையும், ஐந்தாம் மாதத்திலே நிலத்திற் கிடப்பவற்றை வாயிலே போடுதலையும், எட்டாம் மாதத்திலே எழுந்து பிடித்து இழுத்தலையும், பதினோராம் மாதத்திலே கிணற்றையும் சொல்லவேண்டும். இரண்டாவது, நம் வீட்டுத் தமிழிலே, நம் வீட்டுப் படத்துடன் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்ததன் நோக்கமும் இதுவே. அந்நிய நாட்டு மாடிப்படிகளைக் காட்டும் படம், துலாக் கிணற்று வீட்டிலுள்ள தாய்க்கு என் செய்யும்? மூன்றாவது, மருத்துவமாதோ வைத்திய அதிகாரியோ பார்த்து ஒப்புக்கொண்டதை மாத்திரமே அனுப்பவேண்டும். சுட்ட புண்ணுக்குப் பற்பசை பூசும் அறிவுரையும் அதே தொலைபேசியிலேதான் வருகின்றது. அத்தொலைபேசியிலே கண்ணைப் பதித்திருக்கும் ஐந்து நிமிடத்திலே பிள்ளை வாளியண்டை போய்விடும் என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

வாலிப அன்பர்களே! தொடக்கத்திலே தள்ளிவைத்த காரணத்தை இப்பொழுது சொல்லுகின்றேன். தாய்க்கு எல்லாவற்றையும் கற்பித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குக் கட்டு வேண்டும் என்று அவள் அறிவாள், கட்டுவது யார்? மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்று அறிவாள். தோட்டத்திலிருந்து போத்தலை வீட்டுக்குக் கொண்டுவருபவர் யார்? அறிவை மாத்திரம் கொடுத்து ஆற்றலைக் கொடாவிட்டால், விபத்து நேரும்போது "சொல்லியும் கேளாதவள்" என்று அவளைத் திட்டுவதற்கே அது பயன்படும். கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் போருக்குப்பின் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுடைய கிணற்றை யார் பார்ப்பது?

உங்களிடம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உண்டு. மேசன் வேலையும் தச்சு வேலையும் அறிந்தவர்கள் உண்டு. இந்த ஆண்டிலே சங்கத்தார் ஒரு காரியம் செய்யுங்கள். மருத்துவமாதைக் கேட்டு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீடுகளை அவர் காட்டும்படி செய்யுங்கள். வீட்டாரின் சம்மதத்துடன் கிணற்றுக் கட்டு, குசினி வாசல், நஞ்சு வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். இடிந்த கட்டை எழுப்புங்கள்; அரைக் கதவு செய்துகொடுங்கள்; ஆளற்ற வளவுக் கிணற்றை உரியவருக்கு எழுதி மூடுவியுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே, எத்தனை கிணறு கட்டினோம் என்ற கணக்கை அச்சிடுங்கள். விழாக் கணக்கோடு அக்கணக்கும் வரட்டும்.

காப்பாற்றப்பட்ட பிள்ளை இன்னதென்று ஒருவரும் அறியமாட்டார். அது விழாமலே வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விடும். நன்றி சொல்லவும் அதற்குத் தெரியாது. அத்தகைய தொண்டைச் செய்ய முன்வாருங்கள்.