பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பஞ்சப்படி பற்றியோ போனஸ் பற்றியோ பேசச் சொன்னால் எனக்குக் குறிப்புத் தாள் தேவையில்லை. இன்று சங்கம் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு. பிழைப்புக்காக மும்பைக்கு வந்த நாம், சின்னஞ்சிறு பிள்ளைகளை எந்த மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? நான் பத்தாம் வகுப்புத் தேறியவன்; ரயில்வே குமாஸ்தா. கல்வி மேதை அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை தவறிவிட்டு, அதன் பலனை என் மகள் அனுபவிப்பதை அன்றாடம் வீட்டில் பார்க்கிறவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்று, 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்து சந்தாக நடந்திருக்கிறேன். "தமிழ்ப் பள்ளியில் சேருங்கள், பிள்ளை குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள்" என்று வாசல் வாசலாக நின்று பேசியிருக்கிறேன். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது என்பதால் என் மூத்த மகளையும் அங்கேயே சேர்த்தேன்.

மகள் நன்றாகப் படித்தாள். ஆசிரியர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்தது. 2018-இல் எட்டாம் வகுப்புக்கு மராத்திப் பள்ளிக்குப் போனாள். காய்கறிக் கடையில் பேரம் பேசும் மராத்தி அவளுக்கு வரும். அறிவியல் புத்தகத்தின் மராத்தி? வரலாற்றுத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய மராத்தி? ஏழு வருஷம் முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கேள்வியே புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் ஒரு நாள், "அப்பா, நான் இனிமே போகல" என்றாள். இன்று ஒரு தையல் பட்டறையில் வேலை செய்கிறாள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத, இந்த ஆண்டுதான் 17-ஆம் எண் படிவம் கட்டியிருக்கிறாள்.

அன்று என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது நேர்மையல்ல.

தவறு எங்கே? தமிழில் படித்ததால் அவள் பின்தங்கவில்லை. ஏழு படி ஏற்றிவிட்டு எட்டாவது படியை எடுத்துவிட்டார்கள், அதுதான் காரணம். மொழி கற்பதில் இரண்டு கணக்கு உண்டு. தெருவில் பேசும் மொழி ஓரிரு ஆண்டில் பிள்ளைக்கு வந்துவிடும். பாடம் படித்துப் புரிந்து, சொந்தமாக எழுதும் மொழி வர ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள்கூட ஆகும். பதின்மூன்று வயதில் மொழியை மாற்றினால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இருப்பதோ மூன்றே ஆண்டு. ஆறு வயதில் தொடங்கினால் பத்து ஆண்டு இருக்கிறது. மேலும், முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்து புதிது. நம் பிள்ளையும் அவர்களோடு சேர்ந்தே தொடங்கும்.

ஆகவே என் கருத்து இதுதான்: மும்பையில் நிலையாகத் தங்கப் போகிற குடும்பம், எட்டுமிடத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி இல்லையென்றால், பிள்ளையைப் பால்வாடியிலிருந்தே மராத்திப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். என் மகனை அப்படித்தான் அனுப்பினேன். முதல் நான்கு மாதம் அவன் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் ஒரே அழுகை. என் மனைவியும் அழுதாள். ஆசிரியை, "விடுங்கள், காதில் வாங்கிக்கொண்டிருக்கிறான்" என்றார். அது உண்மை. புது மொழியில் விழும் பிள்ளை முதலில் கேட்கும், பிறகுதான் பேசும். அந்த மௌனத்தைக் கண்டு பயந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மராத்தியில் பள்ளிக்கூடத்துக்கு 'ஷாளா' என்று பெயர். நம்முடைய 'ள' அவர்களிடமும் உண்டு. இந்திக்காரப் பிள்ளைகள் திணறும் அந்த எழுத்தை என் மகன் முதல் நாளே சொன்னான் என்று ஆசிரியை சிரித்தார். இன்று அவன் மராத்தியில் கட்டுரை எழுதுகிறான். அதே எழுத்து என்பதால் இந்தியும் படிக்கிறான்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டா என்ன?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். நல்ல ஆசிரியர்கள் இருந்து, கட்டணம் கட்டவும் முடிந்தால் போடுங்கள். ஆனால் சந்துக்குள் இரண்டு அறையில் நடக்கும் இங்கிலீஷ் பள்ளியில் ஆசிரியைக்கே ஆங்கிலம் பேச வராது. வீட்டிலும் தெருவிலும் பிள்ளை கேட்காத மொழி அது. பாட்டுப் பாடும், படித்ததை விளக்கத் தெரியாது. அதோடு, 2020-இல் வந்த சட்டப்படி இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம். எங்கே போனாலும் மராத்தியைத் தாண்டிப் போக முடியாது.

"தமிழை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?" என்று தோழர்கள் கேட்பார்கள். 2020-இல் அகமதாபாத் மணிநகரில், பிள்ளைகள் குறைவு என்று சொல்லித் தமிழ்ப் பள்ளியை மூடியதையும் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகப் பள்ளிக்கூடமா? தமிழ்ப் பள்ளியைக் காப்பாற்ற வழி, அதைப் பத்தாம் வகுப்பு வரை உயர்த்து, மராத்தியும் ஆங்கிலமும் திறமாகக் கற்பி என்று போராடுவது. இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்காக அந்தப் போராட்டத்தை விடவே கூடாது. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை என் பேச்சைக் கேட்டு நடுவில் மாற்றாதீர்கள்; மராத்திக்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள். இரண்டொரு வருஷத்தில் ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்குத் தமிழ்ப் பள்ளியே சரி.

தமிழ் நம் வீட்டில் இருக்கிறது. பிள்ளைக்கு மராத்தி வர வேண்டும் என்று நாமும் வீட்டில் அரைகுறை இந்தியில் பேசுவதுதான் தமிழுக்குக் கேடு. வீட்டில் நல்ல தமிழ் பேசுங்கள், கதை சொல்லுங்கள். எழுதப் படிக்கச் சங்கம் கற்றுக்கொடுக்கட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001-இல் தமிழக அரசு தொடங்கிய, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனம், வெளியில் வாழும் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் வைத்திருக்கிறது. வாரம் இரண்டு மாலை, ஒரு பாய், ஒரு கரும்பலகை போதும். என் மகள்தான் தன் தம்பிக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். வகுப்பு தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வந்து நடத்துகிறேன் என்கிறாள்.

மராத்திப் பள்ளியில் நம் பிள்ளையை ஒதுக்குவார்கள் என்ற பயமும் உண்டு. அறுபதுகளின் கடைசியில் தென்னாட்டார் மீது நடந்த தாக்குதலைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் படிப்பதும் கூலித் தொழிலாளியின் பிள்ளைதான். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலியில் நம் தாய்மார்களும் உட்கார வேண்டும். மொழி தெரியாது என்று வாசலோடு திரும்பினால், நம் பிள்ளைக்காக உள்ளே பேச ஆள் இருக்காது.

அதே சட்டம் இன்னும் சொல்கிறது: ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது. பிந்தி வந்த பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். யாரையாவது திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள். நான் கூட வருகிறேன். விண்ணப்பம் எழுதுவது என் தொழில்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மூன்று காரியம் செய்வோம். முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெயரைச் சந்து வாரியாக எழுதுவோம். மாலைத் தமிழ் வகுப்பைத் தொடங்குவோம். தமிழ்ப் பள்ளிகளைப் பத்தாம் வகுப்பு வரை உயர்த்தக் கையெழுத்து வாங்குவோம். போன முறை வாசல் வாசலாக வந்தபோது நான் பேசிவிட்டுப் போனேன். இந்த முறை உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை ஒவ்வொரு ஆண்டும் வந்து விசாரிப்பேன்.