நெல்லோடு நீரையும் ஏற்றுகின்றோம்

(துணுக்காயில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வடிவம்)



சரக்கு வண்டிகளின் எண்ணெய்ச் செலவையும் அவை கக்கும் புகையையும் குறைக்கும் வழிபற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். இது எஞ்சின் வல்லுநர் பேசவேண்டிய பொருளாயிற்றே, நெல் விளைவிக்கும் துணுக்காய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. வவுனிக்குளத்து நீரில் விளையும் நெல்லுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில், அதனை ஏற்றிச் செல்லும் லொறியின் எண்ணெய்த் தாங்கிக்கும் பங்கு இருக்கின்றது.

2021 டிசெம்பர் இறுதியில் ஒரு லீற்றர் டீசலின் விலை 121 ரூபா. ஆறே மாதங்களில், 2022 யூன் இறுதியில், அதே லீற்றர் 460 ரூபா ஆயிற்று. லொறியொன்று நான்கு கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கின்றது என்றும், தெற்கேயுள்ள பெரிய அரிசி ஆலையொன்றுக்குப் போய்வர 400 கிலோமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னர் 12,100 ரூபாவில் முடிந்த பயணத்துக்குப் பின்னர் 46,000 ரூபா வேண்டியதாயிற்று. இந்த வேறுபாட்டை யார் தலையில் கட்டினார்கள்? வியாபாரி தன் கையிலிருந்து கொடுப்பானா? ஆலைக்காரர் கொடுப்பாரா? களத்தில் நின்று விலை பேசிய கமக்காரனின் கணக்கிலேதான் அது கழிக்கப்பட்டது என்பதை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை.

எண்ணெயின்றி வாழ்வது எப்படி என்பதை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. மூடைகளைச் சைக்கிளிற் கட்டி மைல் கணக்கில் உருட்டிச் சென்ற மண் இது. ஆனால் அதனைச் சிக்கனம் என்று புகழ்வாருடன் நான் உடன்படமாட்டேன். வேறு வழியின்றிக் குறைத்தது பட்டினி. வழி அறிந்து குறைப்பதே சிக்கனம். இன்று நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

புகையைப்பற்றி முதலில் ஒரு சொல். லொறியின் பின்னாற் கரிய புகை எழுந்தால், நல்ல இழுவை என்று பெருமைப்படும் சாரதிகள் உளர். அக்கரி எரியாமற் போன டீசலன்றி வேறன்று. அடைபட்ட காற்று வடிகட்டியும் பழுதான இன்ஜெக்டரும் அதற்குக் காரணம். கண்ணுக்குத் தெரியும் இக்கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத கரியமிலவாயு அதிகம். ஒரு லீற்றர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அது எரிந்து வெளிவிடும் கரியமிலவாயுவோ இரண்டரைக் கிலோவுக்கு மேல். இது எங்ஙனம் கூடும் என்று கேட்பீர்கள். டீசலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எடை கூடுகின்றது. நான் முன்பு கூறிய நூறு லீற்றர்ப் பயணம் வானத்திற் சேர்ப்பது கால் தொன்னுக்கு மேல். அவ்வாயு மிகுந்து பூமி வெப்பமடைந்தால் மழை தப்பும். மழை தப்பினால் முதலிற் கலங்குபவன் குளத்தை நம்பிய கமக்காரன்.

2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. நல்லதே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை சான்றிதழ் பெறுவதற்காக எஞ்சினைச் சீர்செய்து, மற்றைய நாள்களில் அதனை மறப்பது வைத்தியரைக் காணப்போகும் அன்று மட்டும் பத்தியம் இருப்பதைப் போன்றது.

சாரதி செய்யக்கூடியவை சில உள. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தை 60 ஆகக் குறைத்தால், எதிர்க்காற்றின் தடை நாற்பது வீதத்துக்கு மேற் குறைகின்றது. ரயர்களிற் காற்றுக் குறையாமற் பார்ப்பதும், ஏற்றும் நேரத்தில் எஞ்சினை நிறுத்துவதும் செலவில்லாத காரியங்கள். உழவு இயந்திரத்தை லொறியாக்கி, பெட்டி கொழுவி நெடுந்தூரம் ஓட்டுவதையும் குறைக்கலாம். வயலுக்கென்று அமைந்த அந்தப் பெரும் பற்களுடைய ரயர் தார் வீதியில் எண்ணெயையும் தின்னும், தன்னையும் தின்னும். இவையெல்லாம் உண்மையே. எனினும் இவற்றோடு நிற்பவர்கள் சாரதியின் காலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு முழுச் சுமையையும் மறந்துவிடுகின்றார்கள். அச்சுமையில் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம்.

காலபோக அறுவடைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வெட்டிக் கொட்டிய ஈரநெல் வயலோரத்திலேயே லொறியில் ஏறுகின்றது. காயவைக்கக் களமில்லை, வைக்கக் களஞ்சியமில்லை, கடன்காரர் காத்திருக்கமாட்டார். அந்நெல்லில் நூற்றுக்கு 22 பங்கு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். நன்கு காய்ந்த நெல்லில் 14 பங்கே இருக்கவேண்டும். 10,000 கிலோ ஈரநெல்லைக் காயவைத்தால் ஏறக்குறைய 9,070 கிலோவே எஞ்சும். மிகுதி 930 கிலோவும் தண்ணீர்! பழைய கணக்கிற் சொன்னால் 18 அந்தர் தண்ணீரை டீசல் எரித்துத் தெற்கே அனுப்புகின்றோம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியில், நீரைக் காயவைக்க இடமின்றி அதனை ஊர்வலம் கொண்டுபோகின்றோம்.

இவ்வளவில் முடிந்ததா? நெல்லில் ஐந்திலொரு பங்கு உமி. தவிட்டையும் கழித்தால், 10,000 கிலோ ஈரநெல் தரும் அரிசி 6,000 கிலோவுக்கும் குறைவு. ஆகவே லொறி சுமந்த பாரத்தில் நாற்பது வீதத்துக்கு மேற்பட்டது மனிதன் உண்ணாத பொருள். அந்த உமி ஆலையின் கொதிகலனுக்கு விறகாகின்றது. தவிடு அங்குள்ள கோழிக்கும் மாட்டுக்கும் தீனியாகின்றது. அரிசியோ பொதி செய்யப்பட்டு, திரும்பவும் டீசல் எரித்து, வன்னிக் கடைகளுக்கே வருகின்றது. விளைவித்தவன் தன் அரிசிக்கு இருமுறை வண்டிக்கூலி கொடுக்கின்றான்.

எனவே மிகப் பெரிய எண்ணெய்ச் சேமிப்பு, ஏற்றாமல் விட்ட சுமையிலே இருக்கின்றது. களமும் களஞ்சியமும் இப்பகுதியில் இருந்தால் நீர் இங்கேயே போய்விடும். நல்ல ஆலை இருந்தால் உமியும் தவிடும் இங்கேயே தங்கும். அவற்றை நம்பிய தொழிலும் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் புதிய பெரிய லொறிகளின் கரியமிலவாயுவை 2019 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030 இல் 45 வீதமும் 2040 இல் 90 வீதமும் குறைக்கவேண்டுமென 2024 இற் சட்டம் செய்தது. அங்குள்ள பொறியியலாளர் அதற்காகப் பெரும்பாடு படுகின்றனர். நாமோ புதிய எஞ்சின் எதுவும் வாங்காமலே, காய்ந்த தளம் ஒன்றினாற் சுமையில் ஒன்பது வீதத்தைக் கழித்துவிடலாம். இதனை ஏன் எவரும் ஒரு போக்குவரத்துத் திட்டமாகக் கருதுவதில்லை என்பதே என் வியப்பு.

வெறும் லொறியைப்பற்றியும் சொல்லவேண்டும். நிறைந்த லொறி குடிக்கும் எண்ணெயிற் பாதிக்கு மேல் வெறும் லொறியும் குடிக்கும். பசளையும் சீமெந்தும் கொண்டுவந்த வண்டி வெறுமையாகத் திரும்ப, நெல் ஏற்றவென்று வேறொரு வண்டி வெறுமையாக வருகின்றது. எவருடைய வண்டி என்றைக்கு எங்கே போகின்றது என்ற விபரம் கூட்டுறவுச் சங்கமொன்றின் மேசையில் இருந்தால், இவ்விரு பயணங்களும் ஒன்றாகிவிடும்.

இனி இருப்புப் பாதை. நமக்குக் கிழக்கே மாங்குளத்தில் அது ஓடுகின்றது. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை, ரயர் தார் வீதியில் உருளும்போது ஏற்படுவதிற் பத்திலொரு பங்களவே. 1905 இற் காங்கேசன்துறையை எட்டிய இந்த வடபகுதிப் பாதை, ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலையையும் வெங்காயத்தையும் சீமெந்தையும் தெற்கே கொண்டுசென்றது. 1990 இல் நின்றது. 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மீண்டும் திறக்கப்பட்டபோது மாங்குளத்துக்கும் வண்டி வந்தது. வந்தது பயணிகளுக்காக, நெல் மூடைகளுக்கு இன்றும் லொறியே கதி. ஒன்றிரண்டு லொறிச் சுமைக்கு ரெயில் பொருந்தாது என்பதையும், மாங்குளத்தில் ஒருமுறை இறக்கி ஏற்றும் கூலி உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரே மூச்சாக வெளிவரும் நெல்லுக்கு அது பொருந்தாது என்று எவராவது கணக்கிட்டுக் காட்டினார்களா?

உள்வீதிகளின் நிலையையும் அதிகாரிகள் கவனிக்கவேண்டும். மாகாணத்துக்குரிய வீதிகளைக் கேட்கவேண்டிய சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தபின், ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. குழிக்குக் குழி கியர் மாற்றும் லொறி எண்ணெயைச் சேமிக்குமா? மறுபக்கம், அளவுக்கு மீறிப் பாரமேற்றுவதும் அக்குழிக்குக் காரணம். அச்சிலேற்றும் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கென்று 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடத்திய வீதிப் பரிசோதனை காட்டிற்று. அரசாங்கத்தைக் கேட்கும்போது இதனையும் நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

மின்சார லொறி வருமே, அதுவரை பொறுக்கலாகாதா என்று முன்வரிசையில் ஓர் இளைஞர் கேட்டார். சீனத்தில் அவை ஏராளமாக ஓடத் தொடங்கிவிட்டன, இங்கும் வரும். வரும்போது அவையும் தண்ணீரையும் உமியையும்தானே சுமக்கப்போகின்றன!

தலைவர் அவர்கள் தீர்மானமொன்று எழுதவேண்டுமென்றார்கள். நெல் உலர்த்தும் களமும் களஞ்சியமும் வேண்டுமென்று கமநல அதிகாரிகளுக்கும், அறுவடைக் காலத்தில் மாங்குளத்திற் சரக்குப் பெட்டிகள் நிற்கவேண்டுமென்று புகையிரதப் பகுதிக்கும் எழுதுங்கள். வெறும் கோரிக்கையாக எழுதாமல், சங்கம் சங்கமாக எத்தனை மூடை, எந்த வாரத்தில், எந்த ஊருக்கு என்ற கணக்கையும் இணைத்து அனுப்புங்கள். அக்கணக்கைச் சேர்க்கும் பொறுப்பை இங்கு வந்திருக்கும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஏற்றால், பெப்ரவரிக்கு முன் அது கொழும்பைச் சேர்ந்துவிடும்.