பொய்ம்முடியும் மெய்த்தலையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசும் இம்மேடையில் பிசினையும் பொய்ம்முடியையும் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். நான் மருத்துவன் அல்லேன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் பதினைந்து ஆண்டுகளாக நம் நாடகங்களுக்கு ஒப்பனைப் பெட்டி சுமந்து வருகிறேன். அந்த அனுபவத்தையும், தோல் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய நாள்தொட்டு, அலுவலகம் செல்வோரும் அரிதாரம் பூசலாம் என்பது நம்மிடையே மரபாயிற்று. இந்த நாக்பூரில் வாழும் நமக்கோ நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று. வெளியே இந்தியும் மராத்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தமிழ் வசனத்தை நெட்டுருச் செய்வது அந்த ஒரு மேடைக்காகத்தான். அதனைக் கண்டு ஒரு பிள்ளை அஞ்சுமானால் அது சிறு நட்டமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்று நடந்தது. கட்டபொம்மனாக நடித்த சிறுவனின் டோப்பாவை, வாடகைக்கு வந்த ஒப்பனைக்காரர் ஒருவர், வண்டிக்கு நேரமாயிற்றென்று ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார். நெற்றியோரத்தில் விரலகலம் தோல் உரிந்து நீர் கசிந்தது. புண் பத்து நாளில் ஆறியது, அச்சம் ஆறவில்லை. மறு ஆண்டு ஒத்திகைக்கு அவன் வரவேயில்லை.

இத்துன்பம் ஏன் நேருகிறது? நாம் பயன்படுத்தும் 'ஸ்பிரிட் கம்' என்பது மரப்பிசினைச் சாராயத்தில் கரைத்த திரவம். சாராயம் ஆவியாகப் பறந்ததும் பிசின் தோலைப் பற்றிக்கொள்கிறது. இதனால் வரும் தொல்லை இருவகை. ஒன்று எரிச்சல்: ஈரம் காயுமுன் டோப்பாவை அழுத்தினாலும், வன்மையாகத் தேய்த்தாலும் எவருக்கும் வரும். மற்றொன்று ஒவ்வாமை: சிலருக்கு மட்டுமே வரும்; ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. பல பசைகளில் சேரும் ரோசனம் என்ற பைன் மரப்பிசின் இதற்குப் பேர்போனது. வயலின் வில்லுக்குத் தேய்ப்பதும் அதுவே. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி எவருக்கு அரிப்பைத் தருகிறதோ, அவர் மேடைப் பசையிலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

'பல ஆண்டுகளாகப் பூசுகிறேன், ஒன்றும் செய்யவில்லையே' என்பார் உளர். ஒவ்வாமை முதல் நாளே தோன்றவேண்டும் என்பதில்லை. பன்முறை பழகிய பின்னும் தோன்றும். ஆகவே நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னதாக முழங்கையின் உட்புறத்தில் பொட்டளவு பசையிட்டு, இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். எடுத்த பின்னும் இரண்டொரு நாள் கவனியுங்கள். சிவப்பும் தடிப்பும் தாமதித்தும் எழும். எழுந்தால் அப்பசை உங்களுக்கு ஆகாது.

இனி அணியும் முறை. தலையிலும் நெற்றியிலும் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நன்கு உலர்த்துங்கள். அன்று காலை சவரம் செய்த இடத்திலும், கீறல், பரு, பொடுகுப்புண் உள்ள இடத்திலும் பசை படலாகாது. பசையை மயிர்மேல் இடாது தோல்மேல் மெல்லியதாக இடுங்கள். விரலால் தொட்டால் நூலிழுக்கும் பதம் வரும்வரை பொறுத்துப் பின்னர் டோப்பாவை ஒட்டுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும்; குத்துவிளக்கும் பீடியும் ஒப்பனை அறைக்கு வெளியே இருக்கட்டும்.

அணிவதைவிடக் கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். பசை நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, கண்ணை மூடச்செய்து, டோப்பாவின் விளிம்பில் ஒற்றுங்கள். ஓரிரு நிமிடம் காத்திருங்கள். விளிம்பு தானே நெகிழும். அதன்பின் சிறிது சிறிதாக மடித்தெடுங்கள். நெகிழாத இடத்தில் மீண்டும் ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். எஞ்சிய பிசினைத் தேங்காய் எண்ணெயால் ஊறவைத்து, மென்மையான சோப்பால் கழுவலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், சாய டப்பா தின்னர் ஆகியவற்றைத் தோலில் தொடவே கூடாது.

நாள்தோறும் ஒட்டுமுடி அணியும் அன்பர்களும் நம்மிடையே உளர்; அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இவ்வூர்க் கோடையில் வியர்வையும் எண்ணெயும் பசையின் கீழ்த் தேங்கினால் மயிர்க்கால்கள் சீழ்பிடிக்கும். அவ்வப்போது கழற்றி, தலையைக் கழுவி உலரவைத்து, தோலுக்கு ஓய்வு கொடுங்கள். இறுக்கி ஒட்டியதும் கவ்வியதும் இடைவிடாது மயிரை இழுத்துக்கொண்டிருந்தால் உள்ள முடியும் உதிரும். புற்றுநோய் மருந்தால் முடியிழந்தோரின் தோல் மிக மெல்லியது. அவர்கள் பசையின்றி அணியும் மெத்தென்ற குல்லாய் வகையை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்துகொள்வது நலம்.

அரிப்பு இரண்டொரு நாளில் அடங்காவிடினும், நீர் கசிந்தாலும் மருத்துவரிடம் செல்க. கண்ணிமை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க.

நிறைவாக, நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, பசை வாங்கும்போதே நீக்கும் திரவமும் வாங்கப்படவேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பெட்டியில் ஏறலாகாது. இரண்டாவது, சிறுவர்க்குப் பசையே வேண்டா. மீசையை மையால் வரையலாம், தாடியை நூலால் கட்டலாம், டோப்பாவைத் துணிக்குல்லாயில் தைத்து அணிவிக்கலாம். தெருக்கூத்துக் கலைஞர் அத்தனை பெரிய கிரீடத்தையும் கட்டித்தானே ஆடுகிறார்கள்! மூன்றாவது, திரை விழுந்த பின் அரைமணி நேரம் ஒப்பனை கலைப்பதற்கென்றே நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கப்படவேண்டும். அதன்பிறகே சாப்பாட்டுப் பந்தி.

கூடுதற் செலவு நூலும் துணியும் ஒரு புட்டித் திரவமுமே. வேடம் ஓரிரவுக்கு, தோலோ பிள்ளையோடு வளர்வது. இவ்வாண்டு மேடையேறும் பிள்ளைகள் மறு ஆண்டும் தாமே விரும்பி வந்து ஏறட்டும்.