ஊர்ச் சங்கமும் குடும்ப வரலாறும்

(தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



"நம் பாட்டனாரின் ஊர் எது?" என்று பிள்ளைகள் வினவினால், "தமிழ்நாடு" என்று கூறி முடித்துவிடுகிறோம். ஊர்ப்பெயர் மறைந்தால் உறவின் வேரும் மறையும். அப்பெயரைக் கண்டறியும் வழியொன்றினை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கடல் கடந்து வந்தோர் முதலில் நாடியது தம் ஊராரையே. சிங்கப்பூரில் சீனத்துத் தைசான் வட்டாரத்தினர் 1822-லேயே நிங் இயூங் சங்கத்தை அமைத்தனர். இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் மக்கள், 1941-இல் தம் ஊர்ப் பெயராலேயே முஸ்லிம் லீக் சங்கம் கண்டனர். அச்சங்கம் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடைபெற்றது. தம் ஊரார் கூடி அமைத்த சங்கம் எத்துணைப் பெரும்பணி ஆற்ற வல்லது என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய சங்கங்களின் உறுப்பினர் பதிவேடு, சந்தா இரசீது, கூட்டக் குறிப்பு, ஆண்டு மலர் ஆகியவற்றில் பாட்டனாரின் பெயர் இருக்கக்கூடும். பெயருடன் தந்தை பெயரும் ஊரும் காணப்பட்டால் அதுவே பெரும் செல்வம்.

தோட்டங்களில் நிலை சற்று வேறு. கங்காணிமார் தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் சேர்த்து வந்தனர். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும்வரை இம்முறை நீடித்தது. ஆகவே, ஒரே லயத்தில் ஓர் ஊராரே பலர் வாழ்ந்ததுண்டு. அங்கே தோட்டக் கோயிலே சங்கத்தின் பணியையும் ஆற்றியது. எனவே கோயில் வரவுசெலவுக் கணக்கு, திருமண மொய்க் குறிப்பேடு, பழைய அழைப்பிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள்.

தேடும்போது மூன்றினை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, எழுத்தர் எழுதியவாறே பெயர் அமைந்திருக்கும். ஒருவர் பெயரே மூன்று விதமாய் வரலாம். இரண்டாவது, புதூர் என்னும் பெயரில் ஊர்கள் பல உள. வட்டமும் மாவட்டமும் தெரிதல் வேண்டும். மாவட்டங்களும் மாறியுள்ளன. சேலம் மாவட்டத்திலிருந்த நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டமாயிற்று. மூன்றாவது, பழைய பதிவேடுகளில் பெரும்பாலும் ஆடவர் பெயர்களே இருக்கும். பால்மரம் சீவிய நம் பாட்டிமாரின் வரலாறு அவர்தம் வாய்மொழியிலேதான் உள்ளது.

1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழின் பழைய பிரதிகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்துள்ளது. படித்த பிள்ளைகள் அங்கே சங்கச் செய்திகளையும் மரண அறிவித்தல்களையும் தேடித் தரலாம்.

தோழர்களே! தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லயத்தைக் காலி செய்யும் நாளில், பழம்பெட்டியிலுள்ள காகிதங்களே முதலில் நெருப்புக்கு இரையாகின்றன. அதனை எரிப்பதற்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இன்று மாலையே வீட்டு முதியவரின் அருகமர்ந்து, ஊர், வட்டம், உடன் வந்தோர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் மறைந்தபின் கேட்க நமக்கு யாருமில்லை.